மனாஸில் மூடியது எதை?

"கிர்கிஸ்தானின் மனாஸ் விமான நிலையத்தை அமெரிக்கா 2014இல் மூடியது." இந்த வாக்கியத்தை எத்தனை கட்டுரைகளில் படித்தேன் என்று எண்ணுவதை விட்டுவிட்டேன். அந்த விமான நிலையத்தை யாரும் மூடவில்லை ஐயா! தலைநகர் பிஷ்கெக் போகும் பயணிகள் இன்றும் அங்கேதான் இறங்குகிறார்கள். அமெரிக்கா மூடியது, அதே ஓடுபாதையைப் பயன்படுத்திக்கொண்டு பக்கத்தில் இருந்த தன் 'ஏர் பேஸை'. அதை 'விமான நிலையம்' என்று மொழிபெயர்த்ததால் வந்த வினை இது.

'பேஸ்' கிரேக்க மூலம் கொண்ட சொல். அடி, பீடம் என்று பொருள். நம்மிடம் 'தளம்' இருக்கிறது. தரையைக் குறிக்கும் தளம் ஒன்று, படையைக் குறிக்கும் தளம் இன்னொன்று. தளபதியில் இருப்பது இரண்டாவது. இரண்டுமே வடமொழி வழி வந்தவைதான், ஆனால் என் சண்டை அதோடு இல்லை. சூலூர் மாதிரி நிலையாக இருக்கும் இடத்துக்கு 'விமானப்படைத் தளம்' நன்றாகவே பொருந்தும்.

மனாஸ் அப்படிப்பட்டதா? ஆப்கான் போருக்காக 2001 டிசம்பரில் வந்து கூடாரம் அடித்தார்கள். பிரான்சின் மிராஜ் போர் விமானங்கள் வந்தன. டென்மார்க், நெதர்லாந்து, நார்வே நாடுகளின் எஃப்-16கள் வந்தன. வானிலேயே எரிபொருள் நிரப்பும் கேசி-135கள் அங்கிருந்து பறந்தன. 2014 ஜூனில் இடத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். இதற்குத் தமிழில் புதுச்சொல் எதற்கு? பகைமேல் சென்ற படை தங்குமிடம் 'பாசறை'. பாசு, அறை என்று பிரித்து, பசுந்தழை வேய்ந்த குடில் என்பார்கள். முல்லைப்பாட்டில் புதர்களை வெட்டி, முள்வேலி வளைத்துப் பாசறை போடுகிறார்கள். அரசனின் கூடாரத்துக்கு யவனர் காவல் வேறு. கூட்டணிப்படை அப்போதே உண்டு போலிருக்கிறது.

"பாசறை என்றால் கட்சிக்காரர்களின் பயிற்சிப் பாசறைதான் நினைவுக்கு வருகிறது" என்கிறார் நண்பர் ஒருவர். மண்டபத்தில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து சாம்பார் சாதம் சாப்பிடுவதற்கெல்லாம் அந்தப் பெயரை வைத்தது யார் குற்றம்? அவர்களுக்குப் பயந்து சொல்லை விட்டுக்கொடுக்க முடியாது. நான் 'வான்படைப் பாசறை' என்றே எழுதுகிறேன்.

சரி, இதைவிடக் கொடுமை ஒன்று உண்டு. 2009இல் கிர்கிஸ் அரசு தளத்தை மூடப்போவதாக அறிவித்தது. பேரம் நடந்து, ஆண்டு வாடகை 1.74 கோடி டாலரிலிருந்து 6 கோடியானது. தளம் போய்விட்டது என்று ஊருக்குக் காட்டுவதற்காகப் பெயரை மட்டும் 'டிரான்சிட் சென்டர்' என்று மாற்றிக்கொண்டார்கள். நம் மொழிபெயர்ப்பாளர் அதைப் 'போக்குவரத்து மையம்' ஆக்கிவிட்டார். படிக்கிறவர் பேருந்து நிலையம் என்றல்லவா நினைப்பார்? படையினர் ஆப்கானுக்குப் போகும்போதும் திரும்பும்போதும் இறங்கித் தங்கிச் சென்ற இடம் அது. 'இடைத்தங்கல் மையம்' என்றால் அந்தப் பூச்சுப்பெயரும் பூச்சாகவே தமிழில் வந்திருக்கும்.