பல் எடுத்த குழியில் எலும்புப் பொடி: முதல் வாரங்களில் நடப்பது என்ன?

பல் எடுத்த குழியில் எலும்புப் பொடி வைக்கலாம் என்றதும் வண்ணாரப்பேட்டை, காசிமேடு பக்கத்திலிருந்து வருகிறவர்கள் பலரும் கேட்பது, "இது மாட்டு எலும்பா டாக்டர்?" என்றுதான். நியாயமான கேள்வி. மாட்டு எலும்பிலிருந்து செய்யும் பொடியும் உண்டு. வேண்டாம் என்றால் தயங்காமல் சொல்லுங்கள். நான் எழுதுவது செயற்கைப் பொடியைப் பற்றி. பீட்டா ட்ரைகால்சியம் பாஸ்பேட், அல்லது அதோடு ஹைட்ராக்ஸிஅபடைட் கலந்தது. இந்தத் தாதுக்களைத் தொழிற்சாலையில் தயாரிக்கிறார்கள். ஆனால் மேலே மூடும் சவ்வு மாடு, பன்றியின் கொலாஜனாக (தோல் போன்ற திசுக்களில் உள்ள புரதம்) இருக்கலாம். அதையும் கேளுங்கள்.

பல் போனால் அங்குள்ள எலும்பு கரைய ஆரம்பிக்கும். ஒரு வருடத்தில் அகலம் பாதி வரைகூடக் குறையலாம். அதில் பெரும்பங்கு முதல் 3 மாதங்களிலேயே போய்விடும். பின்னால் இம்ப்ளான்ட் (செயற்கைப் பல்லைத் தாங்க எலும்பில் பொருத்தும் திருகு) வைக்க இடம் வேண்டுமே என்றுதான் பொடி.

பொடி எலும்பாக மாறாது. கொடி படரப் பந்தல் போடுவதுபோல அது ஒரு பிடிமானம், அவ்வளவுதான். முதலில் குழியில் ரத்தம் உறைய வேண்டும். ஒரு வாரத்தில் அங்கே புது ரத்தக்குழாய்களோடு மென்திசு வளரும். இரண்டு, மூன்று வாரங்களில் குழியின் அடியிலும் ஓரத்திலும் இளம் எலும்பு தலைகாட்டும். பிறகு துகள்களின் இடுக்குகளில் நுழையும். ட்ரைகால்சியம் பாஸ்பேட் பல மாதங்களில் மெல்லக் கரைந்து இடம் விடும். ஹைட்ராக்ஸிஅபடைட் வருடக்கணக்கில் தங்கும்.

ஒரு மாதத்தில் எக்ஸ்ரே எடுத்தால் குழி வெள்ளையாகத் தெரியும். "எலும்பு வந்துடுச்சு" என்று சந்தோஷப்படுவார்கள். அந்த வெள்ளை பெரும்பாலும் பொடியின் கால்சியம். இம்ப்ளான்டுக்குப் பொதுவாக 4 முதல் 6 மாதம் பொறுக்கச் சொல்கிறேன், அவசரப்படுத்தினாலும் மாற்றிக்கொள்வதில்லை.

எனக்குப் பெரிய கவலை மாவாவும் (பாக்கோடு புகையிலை கலந்தது) பீடியும்தான். துறைமுகத்தில் லாரி ஓட்டுகிறவர்கள், படகில் போகிறவர்கள், இருபது வயதுப் பையன்கள் என்று எத்தனை வாய்களில் பார்க்கிறேன்! நிக்கோடின் ரத்தக்குழாயைச் சுருக்கும். புது ரத்தக்குழாய் வளர வேண்டிய வாரங்களில் புகையிலையை அடக்கி வைத்தால், எவ்வளவு விலைகொடுத்த பொடியும் வீணாகலாம். பல் எடுப்பதற்கு முன்பே நிறுத்துங்கள், அப்புறமும் தொடாதீர்கள். சர்க்கரை கட்டுக்குள் இல்லாவிட்டாலும் ஆறுவது தாமதமாகும். அவசரமில்லை என்றால் முதலில் அதைச் சரிசெய்துவிட்டு வரலாம்.

எல்லாருக்கும் இது தேவையில்லை. கடைசிக் கடைவாயில் ஞானப்பல்லை எடுத்துவிட்டு அங்கே வேறு பல் கட்டப்போவதில்லை என்றால், பெரும்பாலும் வீண் செலவு. எதற்காக வைக்கிறீர்கள் என்று டாக்டரிடம் கேட்பதில் தப்பே இல்லை.

வைத்த பிறகு முதல் 24 மணி நேரம் கொப்பளிக்காதீர்கள், எச்சிலைக் காறித் துப்பாதீர்கள், ஸ்ட்ரா போட்டு உறிஞ்சாதீர்கள். மணல் மாதிரி சில துகள்கள் நாக்கில் பட்டால் பயப்பட வேண்டாம். மூன்று நாள் கழித்தும் வலி கூடிக்கொண்டே போனாலோ, சீழ், காய்ச்சல், கெட்ட வாடை இருந்தாலோ, அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்காமல் அன்றே வந்து காட்டுங்கள்.