பட்டுப் புடவையை நைலக்ஸ் ஆக்கும் ஸ்லைடர்

பழைய வண்ணாரப்பேட்டையில் ஆல்பம் டிசைனிங் செய்கிறேன். தண்டையார்பேட்டை, ராயபுரம், திருவொற்றியூர் பக்கத்து மண்டபங்களில் எடுக்கும் கல்யாணப் படங்கள்தான் பெரும்பாலும் என்னிடம் வரும். ஒருமுறை ஆல்பம் வாங்க வந்த பெண்ணின் அம்மா முகூர்த்தப் பக்கத்தை விரலால் தடவிப் பார்த்தார். "ஏம்பா, எம்.சி. ரோட்ல நாலு கடை ஏறி இறங்கி எடுத்த பட்டு. இதுல நைலக்ஸ் மாதிரி இருக்கே?" என்றார்.

அவர் சொன்னது சரி. ஜரிகையில் ஓர் இழைகூடத் தெரியவில்லை, மஞ்சள் பூசிய மாதிரி இருந்தது. தப்பு என்னுடையது. வெளிச்சம் குறைவு என்று ஐஎஸ்ஓவை (கேமராவின் வெளிச்ச உணர்திறன்) 6400-க்கு ஏற்றி எடுத்த ரிசப்ஷன் படங்களில் புள்ளி புள்ளியாக நாய்ஸ் இருந்தது. அதைக் குறைக்க, படம் திருத்தும் மென்பொருளான லைட்ரூமில் லூமினன்ஸ் என்ற ஸ்லைடரை 60-க்கு ஏற்றி, அந்த அளவை ஒரு பிரீசெட்டாகச் சேமித்து, எல்லாப் படங்களுக்கும் தானாகவே விழும் டீஃபால்ட்டாகவும் வைத்து மறந்துவிட்டேன். நல்ல வெளிச்சத்தில் ஐஎஸ்ஓ 400-ல் எடுத்த முகூர்த்தப் படங்களும் அதில் மாட்டிக்கொண்டன. அந்த ஷீட்டுகளை என் காசில் மறுபடி பிரிண்ட் போட்டுக் கொடுத்தேன்.

'கிரெயின்ஸ் அடிக்குது' என்று நாம் சொல்வதில் இரண்டு வகை உண்டு. மாப்பிள்ளையின் கறுப்புக் கோட்டில் பச்சையும் ஊதாவுமாகத் திட்டுத் திட்டாகத் தெரிவது கலர் நாய்ஸ். அதைத் தைரியமாகக் குறைக்கலாம், நிற வேறுபாட்டை நம் கண் அவ்வளவு நுணுக்கமாகப் பார்ப்பதில்லை. மணல் தூவிய மாதிரி தெரிவது லூமினன்ஸ் நாய்ஸ். அங்கேதான் கை நடுங்க வேண்டும். ஜரிகை இழை, தாடி மயிர், பாட்டியின் முகச் சுருக்கம் எல்லாமே மென்பொருளுக்குக் கிட்டத்தட்ட அந்த மணல் மாதிரிதான். கேமரா திருத்தாமல் அப்படியே தரும் ரா ஃபைலை லைட்ரூம் திறக்கும்போது கலரை 25-ல் வைத்து லூமினன்ஸை 0-விலேயே விடுவது சும்மா இல்லை.

அப்படியானால் ஒவ்வொரு படமாக உட்கார்ந்து திருத்த முடியுமா? முடியாது, ஒரு கல்யாணத்துக்கு ஆயிரக்கணக்கில் படம் வருகிறது. இப்போது நான் செய்வது இது. ஒரே கேமராவில் ஐஎஸ்ஓ 400-லும் 6400-லும் எடுத்த இரண்டு படங்களை எடுத்து, 100 சதவீதத்தில் பெரிதாக்கிப் பார்த்து, அததற்கு வேண்டிய அளவை வைக்கிறேன். பிறகு இரண்டையும் சேர்த்துத் தேர்ந்தெடுத்து, ஐஎஸ்ஓ அடாப்டிவ் என்ற பெட்டியை டிக் செய்து பிரீசெட்டாகச் சேமிக்கிறேன். 1600, 3200 மாதிரி இடைப்பட்டதையெல்லாம் அதுவே கணக்குப் போட்டுக்கொள்ளும். லைட்ரூம் கிளாசிக்கில் 2020-லிருந்து இந்த வசதி இருக்கிறது. பிரிஃபரன்சஸில் பிரீசெட்ஸ் பக்கத்துக்குப் போனால், எந்தக் கேமராவுக்கு எந்த ரா டீஃபால்ட் என்று தனித்தனியாகச் சொல்லலாம். ஒரே கல்யாணத்தில் இரண்டு பேர் இரண்டு கேமராவில் எடுக்கிற ஊரில் இது பெரிய நிம்மதி. ஒன்று மட்டும், இனிமேல் ஏற்றும் படங்களுக்குத்தான் இது பொருந்தும். ஏற்கெனவே ஏற்றியவை பழைய அளவிலேயே இருக்கும்.

ராவுக்குப் பதிலாக, கேமராவே திருத்தித் தரும் ஜேபெக்கில் எடுப்பவர்கள் கேமரா மெனுவையும் பாருங்கள். அங்கே ஹை ஐஎஸ்ஓ நாய்ஸ் ரிடக்ஷன் ஹையில் இருந்தால் படம் வெளியே வரும்போதே வழுவழுப்பாகிவிடும். அதன் மேல் மென்பொருளிலும் போட்டால் முகம் மெழுகு பொம்மைதான். நான் லோவில் வைக்கச் சொல்வேன்.

காசிமேட்டில் விடியும் முன் நடக்கும் மீன் ஏலத்தை எடுக்கப் போகும் தம்பிகள் இன்னொன்று செய்கிறார்கள். ஐஎஸ்ஓவுக்குப் பயந்து 800-ல் இருட்டாக எடுத்துவிட்டு, கம்ப்யூட்டரில் வெளிச்சத்தைத் தூக்குகிறார்கள். சென்சாருக்குப் போன வெளிச்சம் குறைந்ததால்தான் புள்ளி வருகிறது. தேவைப்பட்டால் 6400-க்கே போய்ச் சரியான வெளிச்சத்தில் எடுங்கள், பல கேமராக்களில் அதுவே சுத்தமாக இருக்கும்.

லைட்ரூமில் 2023-ல் வந்த, செயற்கை நுண்ணறிவால் புள்ளியை நீக்கும் ஏஐ டீநாய்ஸையும் பயன்படுத்துகிறேன், தேர்ந்தெடுத்த படங்களுக்கு மட்டும். 50-ல் திறக்கும், நான் 30 பக்கம் இறக்கிவிடுவேன். குரூப் போட்டோவின் கடைசி வரிசை முகங்களைக் கட்டாயம் பெரிதாக்கிப் பார்ப்பேன். சின்ன முகங்களுக்கு அது சில சமயம் தன் இஷ்டத்துக்குக் கண் வரைந்துவிடுகிறது.

ஸ்கிரீனில் 100 சதவீதத்தில் பயமுறுத்தும் புள்ளி 12-க்கு 36 அங்குல ஆல்பம் ஷீட்டில் பெரும்பாலும் தெரிவதே இல்லை. அதனால் இப்போதெல்லாம் ஆல்பத்தை அனுப்பும் முன், முகூர்த்தப் புடவை இருக்கும் இடத்தை அதே அளவில் 4-க்கு 6 ஆக வெட்டி ஒரு பிரிண்ட் போட்டு, கடை வாசல் வெயிலில் பிடித்துப் பார்க்கிறேன்.