கள்ளிப்பால் ஏன் தாமதமாகச் சுடுகிறது?

கொழிஞ்சாம்பாறைப் பக்கம் தோட்டத்து வேலிகளில் பச்சைக் குச்சிகளைக் கட்டுக்கட்டாக நட்டதுபோல் நிற்பது திருகுகள்ளி. பாலக்காடு மாவட்டம்தான், ஆனால் மழை மறைவுப் பகுதி. தண்ணீர் கேட்காத வேலிக்கு அங்கே மவுசு அதிகம். பூர்வீகம் ஆப்பிரிக்கா என்றாலும் தாவரவியலாளர் லின்னேயஸ் 1753-ல் வைத்த அறிவியல் பெயரில் மலபார்ப் பெயரே உட்கார்ந்திருக்கிறது: யூஃபோர்பியா திருக்கள்ளி.

சப்பாத்திக்கள்ளிக்கு இது சொந்தமில்லை. ஆமணக்கும் மரவள்ளியும்தான் பங்காளிகள். கொம்பை ஒடித்தால் பால் பீறிடும். அழுத்தத்தோடு நிறைந்த நுண்குழாய்கள் உடைவதால் அப்படி. காற்றுப்பட்டு இறுகி, காயத்தை அதுவே அடைத்துவிடும்.

ஒருமுறை வேலி கழித்தபோது மணிக்கட்டில் பால் தெறித்தது. எரியவே இல்லை. துண்டால் துடைத்தேன், அதே துண்டால் முகத்தையும். பக்கத்துத் தோட்டத்துப் பெரியம்மா "கண்ணுல கைய வெக்காத சாமி" என்று சொன்னது அதற்கப்புறம்தான். ராத்திரி இடது கண்ணைத் திறக்க முடியவில்லை.

இந்தத் தாமதத்துக்குக் காரணம், அது அமிலம்போல் தொட்டதும் பொசுக்காததுதான். பாலிலுள்ள ஃபோர்பால், இன்ஜெனால் வகை எஸ்டர்கள் என்ற வேதிப்பொருட்கள் செல்லுக்குள் போய், புரோட்டீன் கைனேஸ் சி என்ற நொதியைத் தட்டி எழுப்புகின்றன. வழக்கமாக அதை எழுப்புவது உடம்பிலேயே சுரக்கும் ஒரு கொழுப்பு மூலக்கூறு. வேலை முடிந்ததும் அது சிதைந்துவிடும். கள்ளியின் மூலக்கூறு லேசில் சிதையாது. கள்ளச் சாவி பூட்டிலேயே மாட்டிக்கொண்ட கதை. நொதி ஓயாமல் வேலை செய்ய, மணிக்கணக்கில் வீக்கமும் எரிச்சலும் ஏறுகின்றன.

ஆகவே எரியவில்லையே என்று விடக்கூடாது. தோலில் பட்டால் காய்வதற்குள் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். எண்ணெய்ப் பசையுள்ள பொருளுக்குத் தண்ணீர் மட்டும் போதாது. கண்ணில் பட்டால் சோப்பு வேண்டாம், உடனே ஓடும் தண்ணீரில் கால் மணி நேரமாவது கழுவிவிட்டுக் கண் மருத்துவரிடம் போய்விட வேண்டும். கருவிழி புண்ணாகலாம்.

வளர்ப்பதில் வித்தை ஒன்றுமில்லை. கண்ணாடி, கையுறை போட்டுக்கொண்டு ஒரு சாண் கொம்பை வெட்டி, வெட்டுவாயில் தண்ணீர் தெளித்தால் பால் நிற்கும். ஒரு வாரம் நிழலில் காயவைத்து மணல் கலந்த மண்ணில் ஊன்றலாம். உடனே தண்ணீர் ஊற்றினால் அழுகும்.

கழித்த கொம்புகளை எரிக்க வேண்டாம், புகையும் கண்ணைக் கரிக்கும். துண்டைத் தனியாகத் துவைக்கவும்.