60 கிலோமீட்டர் ஓடும் என்று யார் சொன்னது?

"அண்ணே, பேட்டரி கம்ப்ளெயின்ட்" என்று காரைக்குடியில் என் கடைக்கு வருகிற எலெக்ட்ரிக் சைக்கிள்களில் முக்கால்வாசிக்குப் பேட்டரியில் ஒரு கோளாறும் இருக்காது. போன வாரம் வந்ததும் அப்படித்தான். தேவகோட்டையிலிருந்து தினமும் இங்கே வேலைக்கு வரும் தம்பி. எலெக்ட்ரிக் மலைச் சைக்கிள், கொட்டைக் கொட்டையாக டயர், முன்னாலும் பின்னாலும் ஷாக். முழுதாகச் சார்ஜ் ஏற்றிவிட்டு மீட்டரை வைத்தால் 42 வோல்ட் காட்டுகிறது. 36 வோல்ட் பேட்டரிக்கு அதுதான் சரியான அளவு.

"அப்புறம் ஏண்ணே பாதி வழியில நிக்குது? 60 கிலோமீட்டர்னு போட்டிருக்கே?"

இதற்குப் பதில் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்கிறது. எழுதியே வைத்துவிடுகிறேன், வாங்கப் போகிறவர்களாவது படிக்கட்டும்.

விளம்பரத்தில் போடும் கிலோமீட்டரை மறந்துவிட்டு, பேட்டரி மேல் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் பாருங்கள். வோல்ட்டையும் ஆம்பியர்-அவரையும் பெருக்கினால் வாட்-அவர் வரும். அந்தத் தம்பியின் பேட்டரி 36 வோல்ட், 7.8 ஆம்பியர்-அவர். பெருக்கினால் ஏறக்குறைய 280. கையில் உள்ள மொத்தச் சரக்கு அவ்வளவுதான். அது எத்தனை கிலோமீட்டர் வரும் என்பது ஓட்டுகிறவர் கையில் இருக்கிறது. நன்றாக மிதித்து, மோட்டார் உதவியைக் குறைத்து வைத்துத் தார்ரோட்டில் போனால் கிலோமீட்டருக்கு 7, 8 வாட்-அவர் போதும். மிதிக்காமல் த்ராட்டிலைத் திருகிக்கொண்டே போனால் 15, 16 தின்னும். உடம்பு கனமாக இருந்தாலோ, எதிர்காற்று அடித்தாலோ, டயரில் காற்று குறைந்தாலோ இன்னும் கூடும். விளம்பரக் கணக்கோ ஒல்லியான ஆளை உட்கார வைத்து, சமதளத்தில், காற்றே இல்லாத நாளில், உதவியை முதல் நம்பரில் வைத்துப் போடுவது.

நம்ம ஆள் 80 கிலோவுக்குக் குறையமாட்டார், முதுகில் லேப்டாப் பை வேறு. உதவி எப்போதும் ஐந்தாம் நம்பர். பெடல் என்று ஒன்று இருப்பதே ஞாபகமில்லை. 280-ஐ 16-ஆல் வகுத்துப் பாருங்கள், 17 கிலோமீட்டர் சொச்சம் வரும். தேவகோட்டை ஏறக்குறைய 20 கிலோமீட்டர். வண்டி வழியில் நிற்காமல் என்ன செய்யும்?

வேலைக்குப் போக வாங்குகிறவர்கள் கிலோமீட்டருக்கு 12 வாட்-அவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் கால்வாசி சேருங்கள், ஏனென்றால் பேட்டரி வருஷத்துக்கு வருஷம் தளரும். ஒரு வழி 20 கிலோமீட்டர் என்றால் 300 வேண்டும். 36 வோல்ட், 10.4 ஆம்பியர்-அவர் பேட்டரி 374 கொடுக்கும், அது தாங்கும். அதுவும் போன இடத்தில் சார்ஜ் போட்டால்தான். ஆபீஸில் ப்ளக் பாயின்ட் கிடைக்குமா என்று மேனேஜரிடம் கேட்டுவிட்டுச் சைக்கிள் பார்க்க வாருங்கள். (அழகப்பச் செட்டியார் கொடுத்த இடத்தில் 1953-லிருந்து மின்வேதியியல் ஆராய்ச்சி நடக்கிற ஊர் இது. சிக்ரி என்கிற அந்த ஆராய்ச்சி நிலையத்தின் வாசல் வழியாகவே தினம் போய்வருகிறவர்களும் இந்தப் பெருக்கல் கணக்கைப் போடுவதில்லை.)

அடுத்த பல்லவி, "250 வாட் மோட்டார் பத்தாதுண்ணே." ஜப்பான் கம்பெனி ஷிமானோவின் ஈபி8 என்று ஒரு மோட்டார் இருக்கிறது, மலையேறும் சைக்கிளுக்கென்றே செய்தது. அதுவும் 250 வாட்தான். ஆனால் பெடல் அச்சில் உட்கார்ந்து, கியர் வழியாக 85 நியூட்டன் மீட்டர் திருப்புவிசை (டார்க்) கொடுக்கிறது. ஆகவே ஏற்றத்துக்குக் கேட்க வேண்டியது திருப்புவிசையை. நம் ஊரில் 30,000, 40,000 ரூபாய்க்குக் கிடைப்பவற்றில் பெரும்பாலும் பின்சக்கரத்தின் நடுவிலேயே உட்காரும் ஹப் மோட்டார்தான், அதற்கு அவ்வளவு இழுவை கிடையாது. கிடையாவிட்டால் என்ன? செட்டிநாட்டில் மலை என்றால் குன்றக்குடியும் பிரான்மலையும். அங்கே சைக்கிளிலா ஏறப் போகிறீர்கள்? கண்மாய்க் கரை, செம்மண் சரளைப் பாதை, தைலமரக் காட்டு வண்டித்தடம் இதற்கெல்லாம் ஹப் மோட்டார் தாராளம். கொடைக்கானல் பக்கம் அடிக்கடி போகிறவர் மட்டும் பெடல் அச்சு மோட்டாருக்குப் பணம் சேருங்கள். செலவு லட்சங்களில் போகும்.

சட்டமும் இதில் இருக்கிறது. 250 வாட்டுக்குள், 25 கிலோமீட்டர் வேகத்துக்குள் இருக்கிற வரைதான் அது சைக்கிள். லைசென்ஸ், பதிவு எதுவும் வேண்டாம். அமெரிக்கக்காரர்கள் 750 வாட் வைத்து ஓட்டும் வீடியோவைக் காட்டி "இதே மாதிரி" என்று கேட்காதீர்கள், அவர்கள் சட்டம் வேறு. வேகக் கட்டுப்பாட்டு ஒயரை வெட்டினால் அந்த நிமிஷமே உங்கள் சைக்கிள் பதிவில்லாத மோட்டார் வண்டி. யார் மேலாவது மோதினால் இன்ஷூரன்ஸும் இல்லை, சொல்ல ஒரு சாக்கும் இல்லை.

பின்பக்க ஷாக் விஷயத்திலும் ஏமாற வேண்டாம். மலிவு விலையில் கிடைப்பது வெறும் ஸ்பிரிங். மிதிக்கிற மிதியில் ஒரு பங்கைத் தானே தின்றுவிட்டுக் கூடவே கனத்தையும் சேர்க்கும். முன் ஃபோர்க்கில் மட்டும் நல்ல ஷாக் இருந்தால் நம் பாதைக்குப் போதும். கடையில் சைக்கிளை ஒரு தடவை தூக்கிப் பாருங்கள். 22 கிலோவுக்குக் குறையாமல் இருக்கும். வளவு வீட்டுக்காரர்களுக்கு இது முக்கியம், தெருவிலிருந்து திண்ணைக்கு ஏற்றவே அத்தனை படி இருக்கிறது.

நம் பாதையில் உண்மையான எதிரி சீமைக்கருவேல முள். முன்சக்கரத்தில் ஏறினால் தெருமுனைப் பஞ்சர் கடையில் முடிந்துவிடும். பின்சக்கரத்தில் ஏறினால் மோட்டார் ஒயர் கனெக்டரைக் கழற்றி, 18 எம்எம் ஸ்பேனரில் அச்சு நட்டை இளக்கி, பூட்டும்போது பூட்டு வாஷர் பழையபடி காடியில் உட்காருகிறதா என்று பார்க்க வேண்டும். அது சரியாக உட்காராவிட்டால் மோட்டார் இழுக்கிற இழுவையில் அச்சே சுற்றி ஒயரை முறுக்கி அறுத்துவிடும். அப்படி அறுந்தவை என் மேசைக்கு வந்துகொண்டேதான் இருக்கின்றன. டியூபுக்குள் ஓட்டையை அடைக்கும் சீலன்ட் ஊற்றிக்கொள்ளுங்கள், சின்ன முள்ளுக்கு அதுவே கேட்கும். 18 எம்எம் ஸ்பேனர் ஒன்றும் பையில் கிடக்கட்டும்.

பிரேக். கனமான வண்டிக்கு ஹைட்ராலிக் டிஸ்க் நல்லது, முடியாவிட்டால் கேபிள் டிஸ்க். செம்மண் புழுதியில் பேட் சீக்கிரம் தேயும், மாதம் ஒருமுறை குனிந்து பாருங்கள். டிஸ்க் கத்துகிறது என்று தேங்காயெண்ணெய் விட்டுக்கொண்டு வருகிறார்களே, அவர்களை என்ன சொல்ல! செயினுக்கு விடுவதை டிஸ்க்கில் விட்டால் சத்தம் நிற்கும், வண்டி நிற்காது.

மழைக்காலத்தில் ஒரு கெஞ்சல். கார்த்திகையில் கண்மாய் நிறைந்து கலுங்கு மறுகால் பாயும்போது அதற்குள் சைக்கிளை இறக்கிப் படம் எடுக்காதீர்கள். சாரல், தூறல் தாங்கும். அச்சு முங்கினால் தாங்காது. ஒரு மாதம் கழித்து மோட்டார் ஒயர் கனெக்டரைப் பிரித்தால் உள்ளேயிருக்கும் உலோக முனையெல்லாம் பச்சை பூத்திருக்கும். வாட்டர் வாஷும் வேண்டாம், ஈரத்துணி போதும்.

சார்ஜ் போடுவது பற்றி எல்லாரும் தெரிந்ததுபோல் தலையாட்டுகிறார்கள். சித்திரை வெயிலில் ஓட்டிவந்த கையோடு போடாதீர்கள், அரை மணி நேரம் ஆறட்டும். கூட வந்த சார்ஜரைத் தவிர வேறெதுவும் கூடாது. கல்தரையோ ஆத்தங்குடிக் கல் பதித்த தரையோ சரி. முகப்பில் தேக்குத் தூணோரமாக, கதவுத் திரைக்குக் கீழே, எல்லாரும் தூங்கும்போது வேண்டவே வேண்டாம், அதுவும் வெளியே போகிற ஒரே வழியில். கீழே விழுந்து நசுங்கிய பேட்டரி, உப்பிய பேட்டரி, "உள்ளே செல் மட்டும் மாத்தித் தர்றோம்" என்று யாரோ பிரித்து ஒட்டிய பேட்டரி, மூன்றையும் வீட்டுக்குள் வைக்காதீர்கள். நானும் பிரிக்கமாட்டேன், கெஞ்சினாலும்.

கடைசியாக, பணம் கட்டுவதற்கு முன்னால் மாற்று பேட்டரி என்ன விலை, எத்தனை நாளில் வரும் என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஆன்லைனில் வாங்கிப் பெட்டியோடு கொண்டுவந்தாலும் பரவாயில்லை, பூட்டி, ரிம் கோட்டம் எடுத்துத் தருகிறேன். அந்த வேக ஒயரை வெட்டித் தரச் சொல்லி மட்டும் வராதீர்கள்.