தூண்டு பால்சுரப்பு: சொல் விளக்கம்

பிள்ளை பெறாத பெண்ணின் மார்பிலும் பால் ஊறவைக்க முடியும். கருவுறாமலேயே இப்படிப் பாலை வரவழைப்பதை மருத்துவர்கள் 'இண்டியூஸ்டு லாக்டேஷன்' என்கிறார்கள். தத்தெடுத்த குழந்தைக்குத் தாய்ப்பால் கொடுக்க விரும்பும் பெண்கள் இம்முறையை நாடுகிறார்கள்.

லாக்டேஷனுக்கு வேர், பாலைக் குறிக்கும் 'லாக்' என்ற லத்தீன் சொல். பாலில் உள்ள சர்க்கரையான லாக்டோஸ், பாலைச் சுரக்கச் செய்யும் ஹார்மோனான புரோலாக்டின் ஆகியவையும் அதே வேரில் பிறந்தவை. 'இண்டியூஸ்' என்பதற்கு லத்தீனில் முதற்பொருள், உள்ளே இட்டு வருதல்.

இதைச் 'செயற்கைப் பால்சுரப்பு' என்று மொழிபெயர்ப்பதில் எனக்குச் சற்றும் உடன்பாடில்லை. வரும் பால் அந்தப் பெண்ணின் உடல் உண்டாக்கும் தாய்ப்பால்தான். கர்ப்பகாலத்தில் ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன்கள் மார்பைப் பால் சுரக்கத் தயார் செய்கின்றன. பிரசவத்தில் நச்சுக்கொடி வெளியேறியதும் புரோஜெஸ்டிரோன் சரிய, பால் பெருகத் தொடங்குகிறது. இந்த வரிசையையே மாத்திரைகளால் சில மாதம் நடத்திக்காட்டி, பிறகு நிறுத்திவிட்டு, பம்ப்பால் பகலும் இரவும் மார்பைத் தூண்டுவது ஒரு வழி. மாத்திரையின்றிப் பம்ப்பையும் குழந்தையின் சப்புதலையும் மட்டுமே நம்புவோரும் உண்டு. டோம்பெரிடோன் என்ற மருந்து புரோலாக்டினைக் கூட்டும் என்றாலும் இதயத் துடிப்பைப் பாதிக்கக்கூடும். பால் சுரக்க அதைப் பயன்படுத்த வேண்டாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2004-இல் எச்சரித்தது. மருத்துவரைக் கேட்காமல் யாரும் அதைத் தொடக்கூடாது.

ஆகவே 'தூண்டு பால்சுரப்பு' என்பதே பொருத்தமான கலைச்சொல். பேச்சுக்குப் 'பால் வருவித்தல்' போதும். முன்பு பாலூட்டி, நிறுத்திவிட்ட பெண்ணுக்கு மீண்டும் பால் வரச்செய்வது வேறு. அது 'மீள் பால்சுரப்பு'. 'சுரப்பு' நம் மாட்டுத் தொழுவத்தில் இன்றும் புழங்கும் சொல். கன்று முட்டியதும் மாடு 'சுரப்பு விட்டது' என்பார்கள். பால் ஊறுவது புரோலாக்டினின் வேலை, ஊறியது காம்புக்கு இறங்குவது ஆக்ஸிடோசின் என்ற இன்னொரு ஹார்மோனின் வேலை. தமிழில் இரண்டுக்கும் அந்த ஒரு சொல்லே இடம்தருகிறது.

பிறர் பிள்ளைக்குப் பால் கொடுப்பவளை முலைத்தாய் என்றும், வளர்ப்பவளைச் செவிலித்தாய் என்றும் பழந்தமிழ் வழங்கியது. தத்தெடுத்தவளை இப்பெயர்களால் அழைப்பது அநியாயம். அவள் தாய், அடைமொழி வேண்டாம்.

பெரும்பாலோருக்குப் பால் முழுத் தேவைக்கும் போதுவதில்லை. அதற்கும் வழி உண்டு. மெல்லிய குழாயின் ஒரு முனையைப் பால் கிண்ணத்தில் இட்டு, மறுமுனையைக் காம்பருகே பிளாஸ்திரியால் ஒட்டுகிறார்கள். குழந்தை காம்போடு சேர்த்துக் குழாயையும் சப்பும். வயிறு நிறையும், சப்புவதாலேயே சுரப்பும் கூடும். இந்தியாவில் பெற்றோர் சட்டப்படி ஒப்படைத்த குழந்தையைத் தத்துக் கொடுக்கும்முன், அவர்கள் மனம் மாற 2 மாத அவகாசம் உண்டு. அதனால் கைக்கு வரும்போது குழந்தை பாலாடைக்கோ புட்டிக்கோ பழகியிருக்கும், காம்பைப் பற்ற முதலில் மறுக்கவும் கூடும். பசி முற்றி அழும்போது வற்புறுத்தாமல், தூக்கக் கலக்கத்தில், வெற்றுடம்போடு அணைத்து முயல்வதே நல்லது. பால் சில துளிகளே வந்தாலும் அது தோல்வி ஆகாது. எடை சரியாக ஏறுகிறதா, சிறுநீர் போதுமான அளவு போகிறதா என்று குழந்தைநல மருத்துவரிடம் காட்டிக்கொண்டே தொடரலாம்.