கேரவன்: சாத்தா, வண்டிவீடா?

தமிழ்நாட்டில் ‘கேரவன்’ என்றதும் படப்பிடிப்புத் தளத்தில் நடிகர்கள் ஓய்வெடுக்கும் குளிரூட்டிய பெரிய வண்டிதான் நினைவுக்கு வருகிறது. ஆஸ்திரேலியாவில் அச்சொல்லுக்கு அந்தப் பகட்டு இல்லை. படுக்கையும் அடுப்பும் தண்ணீர்த் தொட்டியும் அமைந்து, காரின் பின்புறக் கொக்கியில் மாட்டி இழுத்துச் செல்லப்படும் சிறு வீட்டையே அங்கே கேரவன் என்கிறார்கள். பணி ஓய்வு பெற்ற தம்பதியர் பலர், வெயில் தணிந்த குளிர்கால மாதங்களில் இவ்வீட்டை இழுத்துக்கொண்டு மாரீ, வில்லியம் கிரீக், ஊட்னடாட்டா போன்ற உள்நாட்டுச் சிற்றூர்களின் வழியே வாரக்கணக்கில் பயணம் செய்கின்றனர். ‘நரைத்த நாடோடிகள்’ என்பது அவர்களுக்கு அந்நாட்டார் இட்ட செல்லப்பெயர். எஞ்சினைத் தன்னுள்ளேயே கொண்ட வீட்டு வண்டிக்கு மோட்டார்ஹோம், கேம்பர்வேன் எனத் தனிப் பெயர்கள் உண்டு. அந்தக் கணக்கில் பார்த்தால் நம் நடிகர்களின் வண்டி பெரும்பாலும் கேரவனே அன்று.

சொல்லின் வேர் பாரசீக மொழியின் ‘கார்வான்’. பாலையைக் கடக்கும்போது கள்வருக்கு அஞ்சி ஒன்றுசேர்ந்து செல்லும் வணிகர், யாத்திரிகர் கூட்டத்தை அது குறித்தது. ஐரோப்பிய மொழிகளுக்குச் சென்று, அங்கிருந்து ஆங்கிலத்தை அடைந்த பிறகு, 17ஆம் நூற்றாண்டில் மூடுவண்டி என்ற பொருளையும், 19ஆம் நூற்றாண்டில் வித்தைக்காரரும் ரோமானி மக்களும் குடியிருந்த சக்கர வீடு என்ற பொருளையும் பெற்றது. நாம் அன்றாடம் சொல்லும் ‘வேன்’ இதன் தலையை வெட்டி எடுத்த வால்தான்.

மாரீயிலிருந்து ஊட்னடாட்டா வழியாகச் செல்லும் ஆஸ்திரேலியாவின் இப்பாதை பழைய பொருளிலான கேரவனையும் கண்டிருக்கிறது. 1860களிலிருந்து, இன்றைய ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான் பகுதிகளைச் சேர்ந்த ஒட்டகக்காரர்கள் தம் விலங்குகளோடு கப்பலில் வந்திறங்கினர். எந்த ஊரினராயினும் எல்லாரையும் ‘ஆப்கானியர்’ என்றே அழைத்தார்கள். மாரீயில் பள்ளிவாசல் கட்டிக்கொண்டு வாழ்ந்த அவர்கள், மாவும் தேயிலையும் ஏற்றிச் சென்று கம்பளி மூட்டைகளோடு திரும்பினர். 1891இல் ஊட்னடாட்டா வரை வந்து நின்ற ரயில்பாதை 1929இல்தான் ஆலிஸ் ஸ்பிரிங்ஸைத் தொட்டது. இடைப்பட்ட காலத்தில் அவ்வழிச் சரக்குகளுக்கு ஒட்டக வரிசையே பெருந்துணை. அந்தப் பழைய ரயில்பாதையை ஒட்டி, 600 கிலோமீட்டருக்கும் மேலாக நீளும் சரளைச் சாலையில்தான் இப்போது கேரவன்கள் டயரின் காற்றைக் குறைத்துக்கொண்டு குலுங்கிச் செல்கின்றன.

தமிழில் இதற்கு நிகரான சொல் எது? வணிகக் கூட்டத்தைக் குறிக்கச் ‘சாத்து’ பழங்காலம் முதல் வழக்கில் உள்ளது. வடமொழியின் ‘சார்த்தம்’ என்பதோடு உறவுடைய இச்சொல், கோவலனின் தந்தை மாசாத்துவானின் பெயரிலும் ஒலிக்கிறது. மிளகுப் பொதி சுமந்த ‘கழுதைச் சாத்து’ பெரும்பாணாற்றுப்படையில் வருகிறது. ஆனால் சாத்து என்பது கூட்டமேயன்றி வண்டி அன்று. ஆகவே காரின் பின்னால் செல்லும் வீட்டுக்கு அதைச் சூட்டுவது, பழமையின் மீதுள்ள ஆசையால் பொருளைக் கோட்டைவிடுவதாகும்.

இன்றைய பொருளுக்கு நெருக்கமான காட்சி அதே பெரும்பாணாற்றுப்படையில், உப்பு வணிகரான உமணரின் வண்டியில் இருக்கிறது. அதில் கோழி அடையும் கூடு உண்டு. காடி வைத்த கலம் கயிற்றால் கட்டப்பட்டிருக்கும். குழந்தையை உடைய பெண் எருதுகளை ஓட்டுவாள். குடித்தனம் முழுவதும் சக்கரத்தின் மேல் ஏறிவிட்ட நிலை அது. வழியில் அச்சு முறியக்கூடும் என்று அவர்கள் வண்டியின் அடியில் கட்டிய ‘சேம அச்சு’ புறநானூற்றின் 102ஆம் பாடலில் உவமையாகிறது. ஊட்னடாட்டா சாலையில் ஒன்றுக்கு இரண்டாக மாற்றுச் சக்கரம் கொண்டு செல்பவர்களுக்கு அந்த உவமையை விளக்க வேண்டியதில்லை.

எனவே இழுத்துச் செல்லும் கேரவனுக்கு ‘வண்டிவீடு’ என்பதையே பரிந்துரைக்கலாம். ‘இழுவை வீடு’ பொருளளவில் இன்னும் துல்லியமானதே. ஆனாலும் ஏட்டில் எழுதலாமே தவிர நாவில் நிற்காது. மோட்டார்ஹோமுக்கு ‘வீட்டு ஊர்தி’ பொருந்தும். கேரவன்களை நிறுத்தித் தங்கும் இடமான கேரவன் பார்க்கை ‘வண்டிவீட்டுத் திடல்’ எனலாம். பல வண்டிவீடுகள் ஒன்றன்பின் ஒன்றாகச் செல்லும் வரிசைக்கோ புதுச்சொல்லே வேண்டாம். உமணர் வண்டி வரிசையைச் சங்கப் புலவர்கள் சொன்ன ‘ஒழுகை’ அப்படியே பொருந்துகிறது.