இரண்டாவது சரணத்தில் ஏறும் குரல்

இலங்கையின் வன்னிப் பகுதியிலுள்ள தருமபுரத்திலிருந்து வாசகர் ஒருவர் கேள்வியொன்றை அனுப்பியிருக்கிறார். அவருக்கு வயது 46. கொஞ்சம் வயலும் ஒரு சிறிய பலசரக்குக் கடையும் வைத்திருக்கிறார். கடையில் நாள் முழுவதும் பண்பலை வானொலி பாடிக்கொண்டிருக்கும் என்றும், முன்னர் மாலை வேளையில் தாம் விரும்பிய பாடல்களை ஒலிபரப்பிய இளைஞர் நிகழ்ச்சி இப்போது தமக்கு ஒரு சொல்லும் பிடிபடாத வேகப் பாடல்களுக்கு மாறிவிட்டதென்றும், தம் காலத்துப் பாடல்கள் ‘இடைக்காலப் பாடல்கள்’ என்ற பெயரில் இரவு 10 மணிக்குப் பின்னால் தள்ளப்பட்டுவிட்டன என்றும் எழுதிவிட்டு, “பாட்டுகள் உண்மையிலேயே கெட்டுவிட்டனவா, எனக்குத்தான் வயதாகிவிட்டதா?” என்று கேட்கிறார். தம் 17 வயது மகள் மட்டும், அவள் பிறப்பதற்கு இருபது ஆண்டு முந்திய பாடல்களைக் கைப்பேசியில் தேடிக் கேட்பது ஏன் என்றும் அடியில் ஒரு வரி சேர்த்திருக்கிறார். முதற்கேள்வியைவிட இந்த ஒரு வரிதான் என்னை நாற்காலியின் நுனிக்குக் கொண்டுவந்தது.

முதற்கேள்விக்கு விடை சுருக்கமானது. வயதுதான் காரணம், ஆனால் இப்போதைய 46 அல்ல, அவர் இருபதை ஒட்டி நின்ற வயது. 1989இல் ஹோல்புரூக், ஷிண்ட்லர் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள், 16 முதல் 86 வயது வரையான 108 பேருக்கு, 1932 முதல் 1986 வரை வெளிவந்த 28 பாடல்களின் துண்டுகளைப் போட்டுக் காட்டி மதிப்பெண் இடச் சொன்னார்கள். பாடல் வெளியான ஆண்டில் கேட்பவருக்கு என்ன வயது என்று கணக்கிட்டு வரைபு கீறியபோது, விருப்பம் ஏறத்தாழ 23½ வயதில் உச்சியைத் தொட்டு, இருபுறமும் இறங்கியது. பின்வந்த ஆய்வுகள் எல்லாம் அதே எண்ணைத் தரவில்லை. ஆயினும், வாழ்க்கை நினைவுகளைக் கேட்டாலும் பத்து வயதுக்கும் முப்பதுக்கும் இடையிலானவையே நடுவயதினரிடமிருந்து கூடுதலாக வந்து விழுகின்றன என்பது தனியே பலமுறை காணப்பட்ட ஒன்று. அந்த வயதில் முதன்முறை நிகழ்பவை அதிகம். பரிசுக்குத் துள்ளும் மூளைப் பகுதிகள் அப்போது கூடுதலாகத் துள்ளுகின்றன. நண்பர் கூட்டத்தில் தன்னை இன்னாரென்று நிறுத்திக்கொள்ளப் பாட்டு ஓர் அடையாளச் சீட்டாகவும் பயன்படுகிறது. காரணங்கள் இவ்வாறு பலவாகச் சொல்லப்படுவதால் அவற்றை இங்கேயே விட்டுவிட்டு, என்னைப் பல ஆண்டுகளாக விடாமல் பிடித்திருக்கும் பகுதிக்கு வருகிறேன்.

பாட்டைக் கேட்கும்போது மூளை வெறுமனே வாங்கிக்கொண்டிருப்பதில்லை. அடுத்த ஒலி எது, அது எப்போது வந்து விழும் என்று கணத்துக்குக் கணம் ஊகித்தபடியே இருக்கிறது. கோவிலில் தவில்காரர் தீர்மானத்தை, அதாவது மும்முறை வந்து முடியும் தாளக் கோர்வையை, ஒருமுறை, இருமுறை வாசித்து மூன்றாவதைத் தொடங்கியதும், தாளம் படிக்காத கிழவியின் தலையும் சரியான இடத்தில் ஆடுகிறதே, அந்த ஆட்டம் ஊகம் பலித்ததன் அடையாளம். இந்த ஊகத்தில் இரண்டு வகை உண்டு. ஒன்று பொது ஊகம்: ஆயிரம் பாடல்களைக் கேட்டுக் கேட்டுச் சரணத்துக்குப் பின் பல்லவி திரும்பும், இந்தச் சுரத்துக்குப் பின் அது வரும் என்று இலக்கணம் போலப் படிந்துபோன அறிவு. மற்றது தனி ஊகம்: குறிப்பிட்ட இந்தப் பாட்டில், குறிப்பிட்ட இந்த இடத்தில், பாடகர் மூச்சு விடுவார் என்பது வரை மனப்பாடமாக இருக்கும் அறிவு. இரண்டும் ஒன்றையொன்று கலந்தாலோசிப்பதில்லை என்பதே இதன் அழகு. நூறு தடவை கேட்ட பாட்டில் வழக்கத்துக்கு மாறான ஒரு திருப்பம் வரும்போது, தனி ஊகம் “வரப்போகிறது” என்று அறிந்தே இருக்கும். பொது ஊகமோ ஒவ்வொரு முறையும் புதிதாக ஏமாறும். பழகிய பாட்டு நூற்றோராம் தடவையும் சிலிர்க்க வைப்பதற்கு இந்த இரட்டைக் கணக்கு வைப்பு ஒரு முக்கிய காரணம் என்று கருதப்படுகிறது.

பொது ஊகம் எவ்வளவு முன்னதாகப் படிகிறது என்பதற்கு ஹனன், டிரகப் ஆகிய இருவரும் 2005இல் வெளியிட்ட ஆய்வுகள் போதும். பால்கன் நாடுகளின் நாட்டுப்புற இசையில் நமது மிச்ர சாபுவைப் போல மூன்றும் இரண்டும் இரண்டுமாகச் சாய்ந்து நடக்கும் தாளங்கள் உண்டு. அவற்றில் பிசகு செய்தால் வட அமெரிக்காவின் ஆறு மாதக் குழந்தைகள் கண்டுபிடித்தன. பன்னிரண்டு மாதக் குழந்தைகளால் முடியவில்லை, ஆனால் இரண்டு வாரம் அந்த இசையைக் கேட்கவிட்டதும் அவையும் தேறிவிட்டன. அதே நாட்டுப் பெரியவர்களுக்குக் கேட்கவிட்டும் பெரிய பயன் இல்லை. வற்றாப்பளை அம்மன் கோவில் பொங்கலில் தாயின் தோளில் உறங்கியபடி பறையும் தவிலும் கேட்கும் குழந்தைக்குக் காது அப்போதே பள்ளிக்கூடம் போகத் தொடங்கிவிடுகிறது.

ஊகம் பலிப்பதில் என்ன இன்பம் என்று கேட்கலாம். மொன்றியலின் மக்கில் பல்கலைக்கழகத்தில் சலிம்பூரும் அவருடைய குழுவினரும் 2011இல் இதை நேரடியாகவே பார்த்தார்கள். கேட்டால் மயிர்க்கூச்செறியும் பாடல்களைப் பங்கேற்பாளர்களே கொண்டுவந்தார்கள். பரிசு கிடைக்கையில் மூளையில் சுரக்கும் டோபமீன் என்னும் வேதிப்பொருள் அமரும் அதே ஏற்பிகளில் தானும் போய் அமரக்கூடிய ரக்லோபிரைட் என்ற பொருளைக் கதிரியக்கக் கார்பனால் அடையாளமிட்டு அவர்களுடைய உடலில் செலுத்தினார்கள். வவுனியாவிலிருந்து முல்லைத்தீவுக்குப் புறப்படும் பேருந்தில் நமது ஆட்கள் இருபது பேரை ஏற்றிவிடுகிறோம் என்று வையுங்கள். அவர்களுள் எத்தனை பேருக்கு இருக்கை கிடைத்தது என்று எண்ணினால், வேறு எத்தனை பேர் முந்தி அமர்ந்துவிட்டார்கள் என்பது தெரிந்துவிடும் அல்லவா? அதைப் போலவே, கதிர்வீச்சு குறைந்து தெரிந்த இடங்களில் டோபமீன் கூடுதலாகச் சுரந்திருந்தது. அதே ஆட்களை வேறொரு படமாக்கும் கருவியிலும் கிடத்தி நேரத்தைக் கணித்தபோது, சிலிர்ப்பு உண்டாகும் கணத்தில் அக்கம்பன்ஸ் என்ற பகுதியும், அதற்குச் சில விநாடிகள் முன்பே, அந்த இடம் வரப்போகிறதென்று மனம் காத்திருக்கையில், கோடேட் என்ற வேறொரு பகுதியும் துடித்தன. பாட்டின் பரிசில் பாதி, பாட்டு வந்து சேரும் முன்னரே கொடுக்கப்பட்டுவிடுகிறது. புதிய தலைமுறையின் பாட்டில் நமது வாசகருக்கு வாய்க்காதது இந்த முற்பணமே. அவருடைய பொது ஊகம் வேறு பாடல்களில் பயின்றது. எங்கே காத்திருக்க வேண்டும் என்பதே அவருக்குத் தெரியாது.

இதை நான் என் காதிலேயே சோதித்திருக்கிறேன். 1997இல் எனக்கு 16 வயது, மல்லாவியில் இருந்தோம். மின்சாரம் இல்லை. உலர் பற்றரி வன்னிக்குள் வரத் தடைசெய்யப்பட்ட பொருள்களில் ஒன்று. ஆகவே ஊரில் பலர் செய்தது போல நாங்களும் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவிலிருந்து கம்பியிழுத்துப் பாட்டுக் கேட்டோம். டைனமோ தருவது 6 வோல்ட், நான்கு பற்றரிக்குச் சமம். ஆடலோட்டத்தை நேரோட்டமாக்க இருவாயிகள் வேண்டும், அது சாதாரண தர விஞ்ஞானப் புத்தகத்திலேயே இருந்தது. இரவானால் கடல் கடந்து திருச்சி வானொலி தெளியும். ஓர் இரவு எனக்குப் பிடித்த பாட்டு அதில் வந்தபோது, அண்ணன் பெடலைச் சுற்ற, நான் கசற்றில் பதிவு செய்தேன். இரண்டாவது சரணத்தின் நடுவில் அவருக்குக் கை ஓய்ந்து, வலக்கையிலிருந்து இடக்கைக்கு மாற்றினார்.

அப்போது நடந்ததை மெதுவாகச் சொல்ல வேண்டும். கசற்றின் நாடா விநாடிக்கு 4.76 சென்ரிமீற்றர் ஓட வேண்டும். பெடல் தளர்ந்ததால் வோல்ட் விழுந்து, மோட்டர் தயங்கி, நாடா சற்றே மெதுவாக ஓடியது. வானொலியிலிருந்து வந்த குரலோ வழக்கம்போலவே வந்தது. எனவே அந்தக் குரல் இருக்க வேண்டியதைவிடக் குறைந்த நீளமுள்ள நாடாவில் நெருக்கியடித்துப் பதிந்தது. பின்னர் அதே நாடா சரியான வேகத்தில் ஓடும்போது அந்த இடம் மட்டும் விரைந்து கடந்துபோகும், சுருதி ஏறும். நாடா 6 சதவீதம் மெதுவாகியிருந்தால் ஏற்றம் ஏறத்தாழ ஒரு சுரத்தானம். பதிவில் தயங்கியது ஒலிப்பில் கீச்சிடும் என்ற இந்தத் தலைகீழ்க் கணக்கை அன்று நானும் அண்ணனும் மண்ணில் கோடு கீறி விளங்கிக்கொண்டோம். பிழை பிழைதான், வேறு பதிவு கிடைக்கவில்லை. பன்னிரண்டு ஆண்டுகள் அந்தக் கீச்சலோடுதான் பாட்டைக் கேட்டேன். 2009இல் கசற் பெட்டியோடு போயிற்று.

இப்போது பண்பலையில் அந்தப் பாட்டு மாசு மறுவின்றி வருகிறது. இரண்டாவது சரணம் நெருங்கும்போது என் தோள் தானாகவே இறுகுகிறது, கீச்சல் வருவதில்லை, படியென்று நினைத்துக் கால் வைத்த இடம் தரையாக இருந்தால் உண்டாகும் வெறுமை ஒன்று நெஞ்சில் தட்டுகிறது. குரங்குகளை வைத்து வுல்ப்ராம் ஷுல்ட்ஸ் செய்த ஆய்வுகளில் இதற்கு நெருங்கிய ஒன்றைக் காணலாம். சமிக்ஞைக்குப் பின் பழச்சாறு வருமென்று பழகிய குரங்குக்குச் சாறு கிடைக்காவிட்டால், டோபமீன் நரம்பணுக்களின் துடிப்பு, சாறு வந்திருக்க வேண்டிய அதே கணத்தில் வழமையான அளவுக்கும் கீழே விழுகிறது. என் மூளைக்குப் பிழையான கசற்தான் அசல்.

இனி வானொலிக்கு வருவோம். எந்த வயதில் எந்த வானொலி காதில் விழுந்தது என்பதே ரசனையின் விதைநெல். 1950களில் அகில இந்திய வானொலி திரைப்பாடல்களை ஒதுக்கியபோது, கடலுக்கு அப்பால் தமிழ்நாட்டில் ஒரு தலைமுறையே இலங்கை வானொலியின் பக்கம் திரும்பிற்று. 1998இல் தனியார் தமிழ்ப் பண்பலைகள் இந்த நாட்டில் தோன்றியபோது பதினெட்டு வயதாக இருந்தவர்கள் இன்று நமது வாசகரின் வயதினர். இளைஞர் வானொலியின் சிக்கல் இங்கேதான் இருக்கிறது: அது குறிவைக்கும் வயது நிலையானது, அந்த வயதில் இருக்கும் ஆட்களோ பத்து ஆண்டுகளில் முழுவதுமாக மாறிவிடுகிறார்கள். நேயர்களோடு சேர்ந்து மூப்படைந்தால் இளைஞர் வானொலி என்ற பெயர் பொய்க்கும். மூப்படைய மறுத்தால் நேற்றைய நேயர் கோபித்துக் கடிதம் எழுதுவார். பிரித்தானியாவில் பிபிசியின் ‘ரேடியோ 1’ 1990களின் முற்பகுதியில் இரண்டாவதைத் தேர்ந்து பழைய அறிவிப்பாளர்களை விலக்கியபோது இலட்சக்கணக்கான நேயர்களை இழந்தது. அவுஸ்திரேலியாவின் ‘டிரிபிள் ஜே’ இதைவிடச் சாதுரியமாக, 2014இல் தன் பழைய பெயரான ‘டபுள் ஜே’யையே சூட்டி, இளமை கடந்தவர்களுக்குத் தனி அலைவரிசை ஒன்றை ஒதுக்கிக் கொடுத்தது. நமது பண்பலைகள் தனி அலைவரிசைக்குப் பதில் இரவு 10 மணியைக் கொடுக்கின்றன. விளம்பரம் கொடுப்பவருக்குப் பழக்கம் இன்னும் இறுகாத இளையவரே வேண்டும் என்பதால், அதில் நான் சதி எதையும் காணவில்லை.

மகளைப் பற்றிய வரிக்கு வருகிறேன். கோர்னெல் பல்கலைக்கழகத்தில் குரும்ஹான்சலும் ஸுப்னிக்கும் 2013இல் வெளியிட்ட ஆய்வில், இருபதை ஒட்டிய வயதுடைய 62 பேருக்கு 1955 முதல் 2009 வரையான வெற்றிப் பாடல்களைக் கேட்கச் செய்தார்கள். தம் காலப் பாடல்களோடு நினைவுகள் கூடுதலாகப் பிணைந்திருந்ததில் வியப்பில்லை. ஆனால் 1980களின் முற்பகுதியில், அதாவது அவர்களுடைய பெற்றோர் இளைஞராக இருந்த காலத்தில், இன்னொரு மேடு எழுந்தது, 1960களில் மற்றொன்று. இது தாத்தா பாட்டியின் கைவரிசையா, அந்தக் காலப் பாடல்களின் தரமா என்று ஆய்வாளர்கள் முடிவுகட்டவில்லை. வீட்டில் அப்பா முணுமுணுப்பதிலிருந்து பிள்ளையின் பொது ஊகம் பாடம் கேட்கிறது என்பதே நேரான விளக்கம். வாசகரே, உங்கள் மகள் தேடுவது உங்கள் கடை வானொலியின் பழைய மாலைகளைத்தான்.

இந்த ஆய்வுகளில் பெரும்பாலானவை மேற்குலகத்தவரை வைத்துச் செய்யப்பட்டவை. 15 முதல் 25 வரையான வயதில் மின்சாரமும் பற்றரியும் இன்றி, இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து, எழுச்சிப் பாடல்களும் கிடைத்த ஒன்றிரண்டு கசற்றுகளுமாக வளர்ந்த ஒரு தலைமுறையின் வரைபு எப்படி இருக்கும்? ஐம்பது பாடல் துண்டுகளும் ஒரு வினாக்கொத்தும் ஒரு மோட்டார் சைக்கிளுக்குப் பெற்றோலும் இருந்தால் மாங்குளத்திலிருந்து முள்ளியவளை வரை இதை அளந்துவிடலாம். இதற்குப் பணம் கிடைப்பது அரிது. மூடநம்பிக்கைக்கு எளிதில் கிடைக்கும். கல்லூரி மாணவரிடம் ஏறத்தாழக் கால் மணிநேரம் மட்டும் நின்ற ஒரு சிறு விளைவை மோட்சார்ட்டின் பெயரால் ஊதிப் பெருக்கி, பிறக்கும் குழந்தைகளுக்கெல்லாம் இசைத்தட்டு வழங்க 1998இல் அமெரிக்காவின் ஜோர்ஜியா மாநில ஆளுநர் 105,000 டொலர் கேட்டார். நம்மவரும் சளைத்தவரல்லர், அமிர்தவர்ஷினி ராகம் பாடினால் மழை பெய்து குளம் நிறையும் என்று இன்றும் மேடையில் பேசுகிறார்கள். வன்னியின் குளங்களை நிரப்புவது வடகீழ்ப் பருவக்காற்று.

என் மகளுக்கு இப்போது 14 வயது. அந்தக் கசற்றை அவள் கண்டதே இல்லை. ஆனால் நான் வேலை செய்தபடி அந்தப் பாட்டை முணுமுணுக்கும்போது இரண்டாவது சரணத்தில் என் குரல் என்னையறியாமலே ஒரு சுரம் ஏறி இறங்குமாம்; அவளும் அப்படியே பாடிப் பழகியிருக்கிறாள். போன மாதம் பாடலின் அசல் பதிவைக் கைப்பேசியில் எடுத்துக் கொடுத்தேன். முழுவதும் கேட்டுவிட்டு, “நல்லாத்தான் இருக்கு அப்பா, ஆனா ரெண்டாவது சரணத்தில ஒரு இடத்தை விட்டிட்டுப் பாடியிருக்கிறார்” என்றாள்.